இடது பக்கத்து ஹப்

“20.2.1956, திங்கள். முந்தின இரவு பலத்த மழை. லோரியில் இருபத்தாறு பேர். தோட்டத்துச் செம்மண் சாலையில் வண்டி சேற்றில் மாட்டியது. மலாக்கா பண்டார் ஹிலிர் மைதானம் போய்ச் சேர்ந்தது மாலை 5.45. மைதானம் காலி.”

என் பழைய பாக்கெட் டைரியில் உள்ள குறிப்பு இது. கையெழுத்து என்னுடையதுதான். மழை இருக்கிறது, ஆள் எண்ணிக்கை இருக்கிறது, நிமிடம்கூட இருக்கிறது. ஒன்றுதான் இல்லை — வண்டி ஏன் மாட்டியது?

இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். தேதி போடாத கடிதத்துக்கு நான் பதில் எழுதுவதில்லை. கல்யாணப் பத்திரிகைகளைக்கூட வருட வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் எழுதிய குறிப்பில் இப்படி ஓர் ஓட்டை. நாற்பது வருடங்களுக்கும் மேலாக, தெரிந்தே விட்டுவைத்த ஓட்டை.

போன சனிக்கிழமை அது என்னைப் பிடித்துக்கொண்டது.

என் மருமகன் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியிருக்கிறார். அலுவலகத்துக்கும் பசாருக்கும் போய்வர எதற்கு நான்கு சக்கர பலம் என்று நான் கேட்கவில்லை... மாமனார்கள் கேட்கக் கூடாத கேள்விகளில் அதுவும் ஒன்று. வண்டிக்குச் சாமான் பூட்ட வேண்டுமென்று பத்து பெரெண்டாமில் ஒரு கடைக்கு என்னையும் கூட்டிப்போனார்.

கடையா அது? காட்சிசாலை! பட்டனை அழுத்தினால் தானே இழுக்கும் வின்ச். ஆற்றில் இறங்கினாலும் எஞ்சின் மூச்சு விடுவதற்கு, தும்பிக்கை மாதிரி மேலே தூக்கி நிற்கும் குழாய். கூரைமேல் வரிசையாக நான்கு விளக்கு.

“மாமா, இதெல்லாம் உங்க காலத்துல ஏது?” என்றார் மருமகன்.

“எல்லாம் இருந்துச்சு. பட்டன்தான் இல்ல.”

அப்போதுதான் கீழ்த் தட்டில் அதைப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில் இரும்பு மூடி. நடுவில் திருப்புவதற்கு ஒரு பிடி. ஓர் அம்புக்குறி. முன் சக்கரத்து ஹப்.

“அங்கிள், அது பழைய மாடல்லா,” என்றார் கடைக்காரர். “இப்ப வர்ற காடிக்கெல்லாம் கீழ இறங்கவே வேணாம்.”

கையில் எடுத்துத் திருப்பினேன். ‘க்ளிக்’ என்றது. மறுபடியும் திருப்பினேன். ‘க்ளிக்.’

“மாமா... போலாமா?”

நான் கேட்டுக்கொண்டிருந்தது வேறு கேள்வி. அன்றைக்கு இந்தச் சத்தம் வந்ததா?

அந்தக் காலத்தில் காஜா பெராங்கில் ஒரு சீனக் கான்ட்ராக்டரிடம் நான் கிராணி. கணக்கு, கடிதம், ஆள் பதிவு எல்லாம் என் பொறுப்பு. அந்த முதலாளியை, தவுக்கே என்போம், அவரிடம் ராணுவம் கழித்துவிட்ட ஒரு ஃபோர் வீல் லோரி இருந்தது. யுத்தம் முடிந்து பத்து வருடமாகியும் பச்சைப் பெயிண்ட் போகவில்லை. தவுக்கேக்கு அந்த லோரியைவிட அதில் மாட்டும் சாமான்கள் மேல்தான் ஆசை அதிகம். சக்கரத்தில் சுற்றும் சேற்றுச் சங்கிலி, முன்னால் கையால் சுற்றும் வின்ச், பக்கவாட்டில் ஜெர்ரி கேன் மாட்டும் சட்டம். சேற்றில் டயருக்கு அடியில் போட, யுத்தகால விமானத் தளத்திலிருந்து வந்த ஓட்டை ஓட்டையான இரும்புப் பலகை இரண்டு. தெருவில் அந்த லோரி போனால் ஒரு சமையலறையே நகர்ந்துபோகிற மாதிரி சத்தம் கேட்கும்.

கடைசியாக வந்ததுதான் அந்த ஹப். சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தார்.

விஷயம் எளிது. தார்ச் சாலையில் முன் சக்கரங்களுக்கு எஞ்சின் பலம் தேவையில்லை. ஹப்பைத் திறந்துவிட்டால் அவை சும்மா உருளும். டயர் தேயாது, பெட்ரோல் மிச்சம். சேறு வந்தால் நிறுத்தி, இறங்கி, இரண்டு முன் சக்கரங்களின் நடுவிலும் உள்ள மூடியைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். அப்புறம் உள்ளே ஏறி, சிவப்புக் குமிழ் வைத்த கம்பியைத் தள்ள வேண்டும். ஒரு பக்கம் பூட்டி, மறுபக்கத்தை மறந்துவிட்டால்? பலமெல்லாம் சும்மா சுற்றும் பக்கம் வழியாக ஒழுகிப்போய்விடும். பாதி பூட்டினால் பாதிப் பலன் என்பதே கிடையாது.

அதைப் பூட்டித் தந்த மெக்கானிக் நாராயணன் எங்கள் பகுதி மலாக்காச் செட்டி; பல தலைமுறைக்கு முன் வந்து, மலாயே வீட்டு மொழியாகிவிட்ட தமிழர். நெற்றியில் விபூதி, நாக்கில் மலாய். ஒரு சட்டம் போட்டார்: வலது ஹப் டிரைவர் பொறுப்பு, இடது ஹப் இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் பொறுப்பு. “புசிங் டுலு, பாரு ஜாலான்!” — முதலில் திருப்பு, அப்புறம் ஓட்டு. டிரைவர் தன் பக்கத்தை முடித்துவிட்டு “சுடா?” என்று கத்துவார். இந்தப் பக்கத்து ஆள் “சுடா!” என்று பதில் சொன்னால்தான் வண்டி நகரும். முடிந்ததா, முடிந்தது. எங்களுக்கு அது பூஜை மந்திரம் மாதிரி.

டிரைவர் சாமிக்கண்ணு அண்ணன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அந்த லோரியை அவர் பின்னுக்கு எடுத்தால் வேடிக்கை பார்க்க ஆள் நிற்கும்.

அந்தத் திங்கட்கிழமை — சுதந்திரம் பேச லண்டனுக்குப் போன தூதுக்குழு மலாக்காவுக்கு வருகிறது, மைதானத்தில் மெர்டேக்கா, அதாவது சுதந்திரச் சேதி சொல்லப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. டுரியான் துங்கால் பக்கம் ஒரு தோட்டத்து ஆட்களைக் கூட்டிவர அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். தவுக்கேயிடம் லோரி கேட்டு வாங்கியதும் அவர்தான். நானும் தொற்றிக்கொண்டேன். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை. சரித்திரத்தைப் பார்க்கப் போகிறோம் அல்லவா?

ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஓர் ஓடைப் பள்ளம். முந்தின இரவு மழையில் கூழாகக் கிடந்தது. அண்ணன் நிறுத்தினார். வலது பக்கம் இறங்கினார். நான் இடது பக்கம் கதவைத் திறந்தேன். கீழே கணுக்கால் வரை சேறு.

நான் இறங்கவில்லை.

படியில் ஒரு கால் வைத்து, மட்கார்டைப் பிடித்துக்கொண்டு, எட்டிக் கை நீட்டினேன். விரல் பட்டது. திருப்பினேன். ஏதோ நகர்ந்தது. பின்னால் இருபத்தாறு பேரும் பாட்டும் சிரிப்புமாக இருந்தார்கள். ‘க்ளிக்’ கேட்டதா என்று எனக்குத் தெரியாது.

“சுடா?”

“சுடா!” என்றேன்.

லோரி பாதிப் பள்ளத்தில் நின்றது. பின் சக்கரம் இரண்டும் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டின. முன் சக்கரங்கள் அசையவே இல்லை. இடது பக்கம் சரிந்து, ஹப் சேற்றுக்குள் போய்விட்டது. இரும்புப் பலகை போட்டோம், சங்கிலி கட்டினோம். வின்ச் கயிறு கட்ட வாகான மரம் எட்டாத தூரத்தில் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் தோட்டத்து டிராக்டர் வந்தது. டிராக்டர்காரர் சேற்றுக்குள் கைவிட்டு இரண்டு ஹப்பையும் திறந்துவிட்டுத்தான் இழுத்தார். இழுக்கிற முறை அது. சாட்சியும் அத்தோடு போயிற்று.

நாங்கள் மைதானம் சேர்ந்தபோது காகிதக் கொடிகள் புல்லில் கிடந்தன. நாடு சுதந்திரத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

அந்த வாரமே அண்ணன் டிரைவர் வேலையில் இல்லை. தவுக்கே சாவியைப் பிடுங்கிக்கொண்டார் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அப்புறம் அவர் பசாரில் மூட்டை தூக்கினார். பிறகு ஒரு கடையில் ஸ்டோர் வேலை. ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. ‘மெர்டேக்காவைச் சேத்துல விட்ட ஆளு’ என்று ஒரு பட்டப்பெயர் மட்டும் அவரை விடாமல் கூடவே வந்தது. அவர் எதிரில் சொல்லிச் சிரித்தார்கள். சில தடவை நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். சிரிக்கவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை.

தேதியைச் சரியாக எழுதிவிட்டால் உண்மையை எழுதிவிட்டதாக நமக்கு ஒரு நினைப்பு. எதை எழுதாமல் விட்டோம் என்று யார் பார்க்கிறார்கள்?

கடையிலிருந்து திரும்பிய மறுநாள், டைரியை எடுத்துக்கொண்டு செமாபோக் போனேன். அண்ணன் வீடு அங்கேதான். எழுபதைத் தாண்டிவிட்டார். காது நன்றாகக் கேட்கிறது. அவர் மனைவி ராசம்மா அண்ணி, அன்றைக்கு அந்த லோரியில் வந்த இருபத்தாறு பேரில் ஒருவர். கல்யாணம் நடந்தது அதற்கு அடுத்த வருடம்.

“வாங்க கிராணி. என்னா, புத்தகத்தோட வந்துட்டீங்க? ஏதும் தேதி தொலைஞ்சு போச்சா?” என்றார் அண்ணன்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். கால்சட்டை, படி, எட்டின கை, கேட்காத ‘க்ளிக்’... எல்லாவற்றையும்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“இறங்கலையா?”

“இல்லண்ணே.”

“இறங்காமத்தான் ‘சுடா’ன்னீங்களா?”

“ஆமா.”

“நாப்பது வருஷம், கிராணி. செமாபோக்குல இருந்து காஜா பெராங் எவ்வளவு தூரம்? ஒரு பஸ்ஸு. ஏறி வந்து சொல்ல முடியலையா உங்களுக்கு?”

டைரியில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன் நீட்டினேன்.

அண்ணி காப்பியை வைத்தார். “தம்பி, எங்க கல்யாணத்தன்னைக்கு என் அண்ணன்காரன் இவரைப் பாத்து, ‘மாப்பிள, தாலி கட்டவாச்சும் நேரத்துக்கு வருவீங்களா’ன்னு கேட்டான். சபையே சிரிச்சிச்சு. இவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ஓட்டத் தெரியாமத்தான் மாட்டிக்கிட்டாருன்னு நானும்தான் நெனச்சேன். தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டேன், அது வேற.”

“நீ சும்மா இரு,” என்றார் அண்ணன். டைரியை வாங்கி அந்தப் பக்கத்தைப் படித்தார். திருப்பிக் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“மூணு நாள் முன்னாடி...” என்றார்.

“என்னதுண்ணே?”

“அதுக்கு மூணு நாள் முன்னாடி கல்லு ஏத்திக்கிட்டு ஒரு வளைவுல திருப்பறேன். முன் அச்சுல ‘டக்’குன்னு ஒரு சத்தம். இடது பக்கம். எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. உள்ள கம்பி முறிஞ்சா அப்படித்தான் கேக்கும்.”

“நாராயணன்கிட்ட சொல்லலையா?”

“சொன்னா லோரியப் பிரிச்சுப் போட்ருவான். ஒரு வாரம் ஆகும். திங்கக்கிழமை இவங்கள யாரு ஏத்திக்கிட்டு வர்றது? வர்றேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்லா. தார் ரோட்டுல ஓடுது, போதும்னு விட்டுட்டேன். மழை பெய்யும்னு யாரு கண்டா?”

காலித் தம்ளரை எடுக்கக் குனிந்த அண்ணி நிமிர்ந்தார். “இத்தனை வருஷமா என்கிட்டகூட சொல்லல...”

“உன்கிட்டதான் முக்கியமா சொல்லல,” என்றார் அண்ணன்.

“அப்ப தவுக்கே சாவியைப் பிடுங்கினது?” என்று கேட்டேன்.

“யாரு பிடுங்கினா? மறுநாள் காலையில நானாத்தான் கொண்டுபோய் மேசையில வச்சேன். ‘எதுக்கு’ன்னு கேட்டாரு அவரு. அச்சைப் பத்திச் சொல்ல எனக்கு வாய் வரல. இருபத்தாறு பேரை ஏத்திக்கிட்டு, முறிஞ்ச அச்சோட போனவனுக்கு எதுக்குலா சாவி?”

ஆக, அவருக்கு நடந்ததாக நான் நம்பியதும் தவறு.

ஒரு லோரி. ஒரு பள்ளம். தன்னால்தான் என்று நினைத்த இரண்டு பேர். ஒருவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் பட்டப்பெயரை வாங்கிக்கொண்டார். இன்னொருவன் நிமிடத்தைக் குறித்துவிட்டுச் சும்மா இருந்தான். இரண்டும் ஒன்றா? இல்லை. அதை நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

“அந்தாண்ட ஒருத்தரு கால்சட்டையப் பாத்தாரு, இந்தாண்ட ஒருத்தரு வாக்கைப் பாத்தாரு. நாங்கதான் மத்தியானம் வரைக்கும் சேத்துல நின்னு தள்ளுனோம்!” என்றார் அண்ணி. அப்புறம் அவரே சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரமாயிற்று.

முறிந்த அச்சா, பூட்டாத ஹப்பா? முன் சக்கரங்கள் அசையாததற்கு இரண்டில் எது நடந்திருந்தாலும் போதும். இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது? விடுவேனா... விசாரித்தேன். மெக்கானிக் நாராயணன் காலமாகிவிட்டார். காஜா பெராங்கில் இருக்கும் அவர் மகனைப் போய்ப் பார்த்தேன். பட்டறைத் தாள்கள் எதுவும் மிச்சமில்லை; அந்த அச்சைத் திறந்து பார்த்ததாக அப்பா சொன்ன ஞாபகமும் இல்லை என்றார் அவர், மலாயில். லோரியைப் பிறகு ஒரு மரம் வெட்டும் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அங்கிருந்து எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை.

இதை எழுதுவதற்கு முன் அண்ணனிடம் சம்மதம் கேட்டேன்.

“எழுதுங்க. உங்களுதையும் எழுதுங்க, என்னோடதையும் எழுதுங்க. மாட்டுனது மாட்டுனதுதான். ஆனா ஓட்டத் தெரியாம மாட்டுனான்னு மட்டும் இனிமே எவனும் சொல்லக் கூடாது.”

சொல்லக் கூடாது. ஓட்டியவருக்கு ஓட்டத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

டைரியில் அந்தக் குறிப்புக்குக் கீழே இன்றைய தேதி போட்டு, விட்டுப்போனதைச் சேர்த்திருக்கிறேன். அண்ணனும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்:

“வலது ஹப் பூட்டப்பட்டிருந்தது. இடது ஹப் — இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.”