ஏழாம் மாடிக் கயிறு

லிஃப்ட் மெக்கானிக் தன் புதிய அறைத் தோழனை முதன்முதலில் பார்த்தது ஐந்தாம் மாடிப் படிக்கட்டில். அந்த இளைஞன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. சான்றிதழ் உறையை மட்டும் பெட்டிக்குள் வைக்காமல் நெஞ்சோடு அணைத்திருந்தான்.

"இன்னும் எத்தனை மாடிண்ணே?"

"ரெண்டுதான். லிஃப்ட் செத்து ரெண்டு வருஷமாச்சு தம்பி."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

அவன் சிரித்த சிரிப்பில் பெட்டி இரண்டு படி கீழே சறுக்கியது.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. குடிவந்த அன்றே, "நான் பாக்கட்டுமா?" என்று கட்டட உரிமையாளரிடம் கேட்டவர்தான் அவர். லிஃப்ட் கம்பெனி ஆளைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். அந்தக் கம்பெனி ஆள்தான் வந்தபாடில்லை.

அறையின் மூன்றாவது ஆள் பேக்கரியில் மாவு பிசைபவன். பிசைந்து பிசைந்து புஜம் இரண்டும் உருண்டு திரண்டிருந்தன. ஒருநாள் பட்டதாரி பால்கனியில் நின்றபடி, தண்ணீர் கேனோடு வாசலில் திணறும் ஒரு பெண்மணியைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தான். அதற்குள் அவனுக்கு 'டிகிரி' என்று பெயர் விழுந்திருந்தது.

"அண்ணே! உங்ககிட்ட கப்பி இருக்கு, இவன்கிட்ட கை இருக்கு. நாம பணக்காரங்க!"

"உன்கிட்ட என்னடா இருக்கு?" என்றான் பேக்கரிக்காரன்.

"ஐடியா!"

மறுநாளே பால்கனி இரும்புச் சட்டத்தில் கப்பி ஏறியது, கயிறும் கூடையும் தொங்கின. மாடிக்கு ஒரு கட்டணம். அரிசி மூட்டை போனது, தையல் மெஷின் போனது, நாலாம் மாடி டீச்சரின் குடை மட்டும் தனியாக ஒருமுறை போனது. டிகிரி தெருவில் நின்று "மூணாம் மாடி, இழு!" என்று கத்தினால் பேக்கரிக்காரன் சிட்டாய் இழுப்பான். மூன்றே வாரத்தில் பக்கத்துக் கட்டடமும் கூப்பிட்டது.

மெக்கானிக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு முன்பணம் புரட்ட முடியாமல் நாலு வருஷமாக மனைவியையும் மகளையும் வேறு ஊரில் விட்டு வைத்திருந்தவர், அன்றே போன் போட்டார்.

"அடுத்த மாசம் வந்துடுங்க. தனி வீடு பாத்துடலாம்."

மகள் போனைப் பிடுங்கினாள். "நெஜமாப்பா? சத்தியமா?"

"சத்தியமாடி."

அந்த வாரமே உரிமையாளர் கம்பெனி ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். வந்தவன் பொத்தானை இரண்டு முறை அமுக்கினான், கதவை ஒரு தட்டுத் தட்டினான், அவ்வளவுதான்.

"மோட்டார் போச்சு சார். மொத்தமா புதுசு போடணும்."

வாசலில் ஒரு மூட்டையைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்தார். டிகிரி அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, வாயத் தொறக்காதீங்க. உங்க பொண்ண நெனச்சுக்கங்க."

நினைத்துக்கொண்டார். பல்லைக் கடித்தபடி இன்னொரு முடிச்சுப் போட்டார். மூட்டை மேலே கிளம்பியது.

"பழைய சரக்கு சார். எந்த மெக்கானிக்காலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"எவன்யா சொன்னது?"

சட்டைப் பொத்தான் டிகிரியின் கையோடு போனது. மெக்கானிக் மொட்டை மாடிக்கு ஓடி மோட்டாரைப் பார்த்தார், கல்லுக்குண்டாக இருந்தது. மாடி மாடியாகக் கதவுகளைச் சோதித்துக்கொண்டே இறங்கினார். மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டுக்குள் இரண்டு செம்புத் தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் வளைந்து கிடந்தன.

"கதவு மூடினது லிஃப்டுக்குத் தெரியல சார். தெரியாம எப்படி நகரும்?"

உப்புத்தாளால் தேய்த்து, தகட்டை நிமிர்த்தினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. விளக்கு எரிந்தது. லிஃப்ட் ஒரு குலுங்குக் குலுங்கி மேலே ஏறியது. கட்டடமே விசிலடித்தது.

"டேய், இழுக்கவா விடவா?" என்று பாதி வழியில் தொங்கும் மூட்டையோடு பேக்கரிக்காரன் அலறியது யார் காதிலும் விழவில்லை.

அப்புறம்தான் மெக்கானிக்குக்கு உறைத்தது. மகள் முகம் கண்ணில் நின்றது. "என் வாயில நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேனேடா" என்று படியில் உட்கார்ந்துவிட்டார்.

டிகிரி உட்காரவில்லை. உரிமையாளர் குழந்தை மாதிரி மூன்றாவது தடவையாக லிஃப்டில் போய் வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவன், நாலாவது தடவை கூடவே ஏறிக்கொண்டான்.

"சார், எட்டாம் மாடி வீடு ஏன் காலியாக் கெடக்கு? ஏற ஆளில்ல. இனிமே லிஃப்ட் நின்னா அந்தக் கம்பெனி ஆளையா தேடுவீங்க? எங்க மெக்கானிக் அண்ணன அங்க குடி வைங்க. முன்பணம் வேணாம், லிஃப்ட அவர் பாத்துக்குவாரு."

லிஃப்ட் எட்டாம் மாடியைத் தொடும்வரை உரிமையாளர் யோசித்தார்.

"வாடகை மட்டும் ஒரு பைசா குறையாது."

இப்போது மெக்கானிக் எட்டாம் மாடியில் மனைவி, மகளோடு இருக்கிறார். டிகிரியும் பேக்கரிக்காரனும் ஏழாம் மாடி அறைக்கு மூன்றாவது ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.