ஒரு பல்லு தள்ளிப் போட்ட ஸ்டீயரிங்

1. குழியில விட்ட வண்டி

வீல் அலைன்மென்ட் வேலைக்குப் புதுசா வர்றவங்க என்கிட்ட கேக்கற கேள்வி ஒண்ணு உண்டு. "பாய், ஸ்டீயரிங் கோணலா நிக்குதுன்னு கஸ்டமர் வந்தா முதல்ல எதைப் பாக்கணும்?" பதிலுக்கு நான் ரங்கசாமி வண்டியோட கதையைச் சொல்லுவேன். ஆனா ஒவ்வொரு தடவையும் எனக்கு வசதியில்லாத ஒரு இடத்தைத் தாண்டிப் போயிடுவேன். இந்தத் தடவை எழுதறேன். எழுதும்போது தாண்டக் கூடாதுன்னு நினைச்சுட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன்.

என் பேரு சிக்கந்தர். கோட்டைமேட்டுக்காரன். மேட்டுப்பாளையம் ரோட்டுல ஒரு டயர் கடையில பதினெட்டு வருஷம் அலைன்மென்ட் மெஷின்ல நின்னேன். ரங்கசாமி காரமடைக்காரரு. சொந்த டாக்ஸி வெச்சு ஊட்டி, கோத்தகிரி, சத்தியமங்கலம்னு ஓட்டிட்டு இருந்தாரு. என்னைத் தவிர வேற யாரையும் வண்டியைத் தொட விடமாட்டாரு. அதுல எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்துச்சு.

ஒரு நாள் காலையில வந்தாரு.

"பாய், நேத்து சத்தி ரோட்டுல ஒரு குழியில உட்டுப்போட்டேனுங்க. அதுல இருந்து ஸ்டீயரிங் இடது பக்கம் சாஞ்சே நிக்குது."

"வண்டி ஒரு பக்கமா இழுக்குதா?"

"இழுக்கலீங்க, நேராத்தான் போகுது. வளையம் மட்டுந்தான் கோணலு. பதினோரு மணிக்கு ஒரு சவாரி இருக்குதுங்க, அதுக்குள்ள முடிச்சுக் குடுங்க."

நேத்து வரைக்கும் நேரா இருந்த ஸ்டீயரிங், குழியில விட்டதுக்கு அப்புறம் கோணிடுச்சுன்னா, கீழ ஏதோ வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். பெரும்பாலும் டைராடு. ஸ்டீயரிங்கைத் திருப்பினா அதைச் சக்கரத்துக்குக் கொண்டு போற இரும்புக் கம்பி அது, இடதுக்கு ஒண்ணு வலதுக்கு ஒண்ணு. முறையா செய்யணும்னா, ரெண்டையும் நல்லாப் பார்த்துட்டு, ஸ்டீயரிங்கை நேரா வெச்சு லாக் போட்டுட்டு, ரெண்டு பக்கமும் லாக் நட்டைத் தளர்த்தி சரி பண்ணணும்.

நான் இடது பக்க நட்டுல ஸ்பேனரைப் போட்டேன். துரு ஏறி இறுகிக் கிடந்துச்சு, அசையலை. ஆயில் அடிச்சுட்டுக் கால் மணி நேரம் விட்டிருந்தா அசைஞ்சிருக்கும். அந்தக் கம்பியில லேசா ஒரு வளைவு தெரிஞ்ச மாதிரியும் இருந்துச்சு. டார்ச் கையிலதான் இருந்துச்சு. அடிச்சுப் பார்க்கலை.

வலது பக்கத்தை மட்டும் திருகித் திருகி மொத்தக் கணக்கையும் சரிக்கட்டினேன். மெஷின் ஸ்கிரீன்ல அளவெல்லாம் பச்சைக்கு வந்துடுச்சு. ஆனா ஒரு பக்கமே திருகினதுல ஸ்டீயரிங் முன்ன விட அதிகமா கோணிக்கிச்சு. அதுக்கும் எங்க கடையில ஒரு வழி இருந்துச்சு. ஹாரன் மூடியைக் கழட்டி, நடு நட்டை விட்டு, ஸ்டீயரிங்கைப் பிடுங்கி, அது உட்கார்ற தண்டுல ஒரு பல்லு தள்ளி மாட்டிடறது. பார்க்க நேரா ஆயிடும். எங்க முதலாளி சொல்லுவாரு, "சிக்கந்தரு, கஸ்டமர் சீட்டுல உக்காந்து பார்த்தா வளையம் நேரா இருக்கோணும், அவ்வளவுதான். கீழ படுத்தா பாக்கப் போறாரு?"

அன்னைக்கும் அதையேதான் செஞ்சேன். ஏர்பேக் இல்லாத பழைய மாடல், கால் மணி நேரத்துல முடிஞ்சுது. ஆயில் ஊறவும் அதே கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

ரங்கசாமி ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து, "பாய் கை வெச்சா வெச்சதுதானுங்க"ன்னு சிரிச்சுட்டுப் போனாரு.

2. பாதி துரு, பாதி வெள்ளை

மூணாவது வாரம், கோத்தகிரியில ஆளை இறக்கி விட்டுட்டுக் காலி வண்டியில திரும்பி வந்துட்டு இருந்தவரு, பட்டப்பகல்ல ஒரு வளைவுல தடுப்புச் சுவரை உடைச்சுட்டுக் கீழ போயிட்டாரு. அந்த இடத்துலயே உயிர் போயிடுச்சு. பிரேக் பிடிச்ச தடம் இல்லை, எதிர்ல வண்டியும் இல்லை. தூங்கிட்டாருன்னு எல்லாருமே சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அல்லா அறிய, அன்னைக்கு எனக்கு வேற எதுவும் தோணலை.

மூணாம் நாள் காரமடைக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். அவரு சம்சாரம் கோகிலா சுவத்தோரமா உட்கார்ந்திருந்தாங்க. வர்றவங்க எல்லார்கிட்டயும் ரங்கசாமியோட அம்மா ஒரே விஷயத்தைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க. என்கிட்டயும் சொன்னாங்க.

"இவ அண்ணன் ஊட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கூட்டிட்டுப் போயி, ராத்திரி பூரா பந்தல் வேலையில முழிக்க வெச்சுப்போட்டாளுங்க. தூங்காத கண்ணோட மலை ஏறிப்போட்டானுங்க எம் பையன்."

கோகிலா தலையைத் தூக்கவே இல்லை.

ரெண்டு மாசம் கழிச்சு, போலீஸ் விட்டதும் அந்த வண்டி எங்க கடைக்குப் பின்னால இருக்கற பழைய இரும்பு யார்டுக்கு வந்துச்சு. பார்க்காம இருக்க முடியலை, போய்க் கீழ படுத்தேன். இடது டைராடு ரெண்டா ஒடிஞ்சு கிடந்துச்சு. விழுந்த வேகத்துல ஒடிஞ்சிருந்தா, ஒடிஞ்ச இடம் முழுக்க ஒரே மாதிரி புதுசா இருந்திருக்கணும். இதுல பாதி வெள்ளையா, லேசாத்தான் நிறம் மாறி இருந்துச்சு. மறு பாதி கருத்துப் போன பழைய துரு. அந்தப் பாதி குழியில விட்ட அன்னைக்கே விரிசல் விட்டது. மீதிப் பாதியிலதான் அவரு மூணு வாரம் மலை ஏறி இறங்கியிருக்காரு. வளையம் கோணலாவே இருந்திருந்தா அவரு வேற எங்கயாவது காட்டியிருப்பாரு. நான் அதை நேராக்கி அனுப்பிட்டேன்.

அந்தத் துண்டைக் கழட்டி வேஸ்ட் துணியில சுத்தி என் டூல்ஸ் பெட்டிக்கு அடியில வெச்சேன். யார்கிட்டயும் சொல்லலை. கேஸ் வரும், வேலை போகும்னு பயம். வேற காரணம் ஏதாவது இருக்கான்னு எனக்குள்ளயே தேடிப் பார்த்தேன், இல்லை.

3. பச்சை ரிப்போர்ட்டு

இங்கிருந்து நேரா, "கடைசியில நான் போய் அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்"னு தாண்டிப் போயிடறதுதான் என் வழக்கம். நடுவுல ஒரு நாள் இருக்கு.

ரங்கசாமி இறந்து ஏழு மாசம் இருக்கும். கோகிலா பஸ் ஏறி எங்க கடைக்கு வந்தாங்க. ஆளு பாதியா இளைச்சிருந்தாங்க.

"ஏனுங்கண்ணா, அவரு கடைசியா உங்ககிட்டத்தானுங்களே வண்டியக் காட்டுனாரு. வண்டியில ஏதாச்சும் கோளாறு இருந்துச்சுங்களா?"

என் டூல்ஸ் பெட்டி நாலடி தூரத்துல இருந்துச்சு. நான் கம்ப்யூட்டர் பக்கம் போனேன். அவரு வண்டி நம்பரைப் போட்டு அன்னைய ரிப்போர்ட்டை எடுத்து, கலர்ல ஒரு காப்பி அடிச்சு அவங்க கையில கொடுத்தேன்.

"இந்தப் பச்சை எல்லாம் என்னங்கண்ணா?"

"பச்சைன்னா சரியா இருக்குதுன்னு அர்த்தம், அம்மணி."

ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் நாலா மடிச்சுப் பர்சுக்குள்ள வெச்சாங்க.

"அப்ப வண்டி நல்லாத்தான் இருந்திருக்குது. அத்தை சொல்றதுதான் சரிங்க. அவரு தூங்கித்தான் இருக்கோணும்."

"வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி வேணுமா, அம்மணி?" இதுதான் நான் கேட்டது.

வேண்டாம்னுட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கலை. ஒன்பதாவது நாள், ஞாயித்துக்கிழமை, துணியில சுத்தின துண்டை எடுத்துட்டுக் காரமடைக்குப் போனேன்.

மாமியார் மருமக ரெண்டு பேரையும் உட்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். நட்டு இறுகினது, டார்ச் அடிக்காதது, ஒரு பல்லு தள்ளினது, எதையும் விடலை. துணியைப் பிரிச்சுக் காட்டினேன். "அவரு தூங்கலீங்க. அவரு திருப்பியிருக்காரு, சக்கரம் திரும்பலை. தப்பு என்னோடது."

கோகிலா அந்தத் துருவை விரலால தொட்டுப் பார்த்தாங்க.

"இது எப்பக் கெடைச்சதுங்க உங்களுக்கு?"

"அஞ்சு மாசம் இருக்கும்."

"அப்ப நான் கடைக்கு வந்தன்னைக்கு?"

"பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு."

"தண்ணி வேணுமான்னு கேட்டீங்களே அண்ணா," அப்படின்னாங்க. எழுந்து பின்கட்டுக்குப் போயிட்டாங்க. உள்ள இருந்து அழுகைச் சத்தம் கேட்டுச்சு. ஏழு மாசமா சேர்த்து வெச்சிருந்த அழுகை.

ரங்கசாமியோட அம்மா இரும்புத் துண்டை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. அப்புறம் பின்கட்டைப் பார்த்து, "கோகிலா, காத்தால இருந்து நீ ஒண்ணுமே சாப்புடுலயே. வா கண்ணு, சோறு போடறேன்"னு கூப்பிட்டாங்க. நான் செருப்பை மாட்டிட்டு வெளிய வந்துட்டேன்.

மறுநாள் முதலாளிகிட்டயும் சொன்னேன். மதியத்துக்குள்ள கணக்கு முடிச்சு அனுப்பிட்டாரு. இப்ப அன்னூர் ரோட்டுல ஒரு சின்னக் கடையில இருக்கேன். அவங்க கேஸ் கொடுத்தா கோர்ட்டுல வந்து சொல்றேன்னு எழுதியே அனுப்பினேன். பதில் வரலை.

வேலைக்கு வர்றவங்களுக்குச் சொல்றது இதுதான். ஸ்டீயரிங் கோணலா வந்தா முதல்ல கீழ படுங்க. டார்ச் அடிங்க. நட்டு இறுகியிருந்தா ஆயில் அடிச்சுட்டுக் காத்திருங்க, கஸ்டமர் கத்தினா கத்தட்டும். ஸ்டீயரிங்கைப் பிடுங்காதீங்க.

அதையும் மீறித் தப்பு நடந்துட்டா, அன்னைக்கே போய்ச் சொல்லிடுங்க. வண்டியில நான் பண்ணினது கால் மணி நேரத் தப்பு. அந்தப் பொண்ணு, தானே புருஷனைக் கொன்னுட்டோம்னு நினைச்சுட்டு முன்னால வந்து நின்னப்ப, பச்சைக் காகிதத்தைக் கையில கொடுத்துட்டு, தண்ணி வேணுமான்னு கேட்டவன் நான்.