முதலில் புறங்கை

மாலை ஐந்து இருபதுக்குச் செய்தி வந்தது. தேவாரம் ஊரில், நாடக மேடைக்குப் பின்னால் படுதா கட்டிய மறைப்பில் தேவயானி ராணி வேடத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். ராஜா வேடம் போட்டிருந்த அஜய்குமார் காதிலிருந்து போனை இறக்கினான்.

"சுருளியண்ணே போயிட்டாகக்கா."

காலையில் மைக் செட் கட்டியவர் அவர்தான். மதியம் சாப்பிட வீட்டுக்குப் போய்க் கட்டிலில் சாய்ந்தவர் எழவில்லை.

சுருளியாண்டி வயரிங் வேலைக்காரர். தெரு இளைஞர் மன்றம் போடும் நாடகத்துக்குப் பதினெட்டு வருஷமாக மைக்கும் விளக்கும் அவர் பொறுப்பு. மேடையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாடகம் தொடங்குமுன் மைக்கை விரலால் மூன்று தட்டு தட்டிவிட்டு இறங்கிவிடுவார். பதினொரு வருஷத்துக்கு முன் நடிக்க வந்து, மைக்கைக் கண்டதும் மரமாய் நின்ற தேவயானிக்கு அவர் சொன்னது இரண்டே விஷயம்.

"கடைசி டியூப்லைட்டப் பாத்துப் பேசு தாயி. மைக்க முதல்ல பொறங்கையால தொடு. கரண்டு கசிஞ்சா கை தானா விலகிரும். உள்ளங்கையில பிடிச்சா அது ஒன்ன விடாது."

அன்றிலிருந்து புறங்கையால் மெல்லத் தொட்டு, ஒரு மூச்சு நின்று, பிறகுதான் பிடிப்பாள். ஊர் அதை நடிப்பென்றே நினைத்தது.

"ராணியம்மா மைக்குக்குக் காய்ச்சலான்னு பாக்குறா டோய்!" என்று முன்வரிசையில் கேலி பண்ணுவார்கள். கைதட்டவும் செய்வார்கள்.

நாடகத்தை நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தார்கள். அவர் மனைவி பவுனுதான் போனில் அழுதபடி, "அவுக கட்டுன செட்டு. நிப்பாட்டிறாதீக" என்றாள்.

ஏழு மணிக்குத் தூறல் விழுந்தது. மலைக்காற்றில் படுதா உப்பி உப்பி அடங்கியது. கடவுள் வாழ்த்துப் பாட, தேவயானியின் எட்டு வயது மகள் திரிஷா வெறுங்காலோடு படியில் நின்றாள். மேடைப் பலகை நனைந்திருந்தது. மேலே யாரும் இல்லை.

டக் டக். கொஞ்சம் பொறுத்து, டக்.

ஒலிபெருக்கியில்தான் கேட்டது. கூட்டம் பேச்சை நிறுத்தியது.

"ஏலே, எவன்டா மைக்கத் தட்டுறது?" என்றாள் தேவயானி.

"மேடையில ஆளே இல்லையேக்கா" என்றான் அஜய்குமார். குரல் ராஜாவுடையதாக இல்லை.

மழைத்துளி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள் தேவயானி. ஆனால் மூன்றாவது தட்டுக்கு முன் வரும் அந்தத் தாமதம் அவளுக்குப் பதினொரு வருஷப் பழக்கம்.

"திரிஷா, அங்கனயே நில்லு."

மகளைத் தாண்டி மேடையேறிப் புறங்கையை நீட்டினாள். மணிக்கட்டை யாரோ பிடித்து வீசியதுபோல் கை பின்னால் போனது. தோள்வரை கூசியது. விஷயம் தெரியாத முன்வரிசை வழக்கம்போல் கைதட்டியது.

"லைன ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணுடா!" என்று கத்தினாள்.

விளக்கெல்லாம் அணைந்தபின் டார்ச் அடித்து மேடையைச் சுற்றிவந்தார்கள். பின்பக்கம், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த்துக்குச் சுருளியாண்டி குழி வெட்டி, கம்பி இறக்கி, உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தார். பக்கத்தில் அவருடைய ஸ்பேனர் கிடந்தது. பச்சை ஒயரின் நுனியைச் சீவி வைத்திருந்தார். கம்பியில் முடுக்கவில்லை.