'கல்' என்றால் என்றைக்கு?

ஒரு வாரம் வீட்டையும் மகளையும் நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னபோது மனைவி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திருநெல்வேலியில் மாமனாருக்கு ஹெர்னியா ஆபரேஷன். அவள் போயே ஆகவேண்டும். வேறு வழியில்லாமல்தான் என்னை நம்பினாள்.

"இந்த வாரம் அவளுக்கு ஸ்கூல்ல ப்ரோக்ராம் இருக்கு. தேதி குரூப்ல வரும், பாத்துக்கிடுங்க. இந்தத் தடவையாவது போங்க."

"கண்டிப்பா போறேன்" என்று சட்டைப் பையைத் தட்டினேன். வாக்குக் கொடுக்கும்போதெல்லாம் என் கை தானாகப் பைக்குப் போய்விடும்.

"அந்தப் பையத் தட்டாதிய. உள்ள ஒண்ணும் இல்ல" என்றாள்.

போன வருஷம் நடந்ததை அவள் மறக்கவில்லை. அன்று இங்கே ஹைதராபாத்தில் மியாப்பூர் தாண்டி லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட, கம்பெனி பஸ்ஸுக்குள் உட்கார்ந்தபடியே மகளின் நடனத்தைத் தவறவிட்டேன். அப்போது இரண்டாம் வகுப்பு. அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். "பர்வாலேது டாடி" என்று ஆபீஸ் மேலதிகாரி மாதிரிச் சொல்லிவிட்டு ஹோம்வொர்க் எழுதப் போய்விட்டாள். பரவாயில்லையாம். அந்த ஒரு சொல் ஒரு வருஷமாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது.

ஆகவே இந்த முறை எது நடந்தாலும் போய்விடுவது என்று முடிவு. ஆனால் அந்தப் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பின் வாயை நான் எப்போதோ அடைத்துவிட்டிருந்தேன். கணக்கில் எத்தனாம் பக்கம், நாளைக்கு எந்த யூனிஃபார்ம் என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தால் மனிதன் என்ன செய்வான்? தேதியை அவளிடமே கேட்டால் போயிற்று என்று விட்டுவிட்டேன்.

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் எங்கள் வீடு. தொழிற்சாலை ராமச்சந்திராபுரத்துக்கும் அப்பால். விடிந்தும் விடியாமலும் இட்லி அவித்து, ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் ஜடை போட்டு, மகளைப் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸின் பின்னால் ஓடுவேன். மாலையில் திரும்பும்போது எனக்குப் பாதி உயிர்தான் இருக்கும். அந்த நிலையில்தான் ஒரு நாள் மாலை, தரையில் உட்கார்ந்து தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"டாடி, கல் ப்ரோக்ராம்."

அவள் பேச்சு அப்படித்தான். நாங்கள் தமிழில் கேட்போம். தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் எது கைக்கு அகப்படுகிறதோ அதில் பதில் வரும். நாளைக்காம்! எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

"அப்படியா! எத்தனை மணிக்கு?"

"லெவன்."

"என்ன வேஷம்?"

"க்ளௌட்."

"மேகமா! டயலாக்?"

"ஒக்கட்டே."

ஒன்றே ஒன்று. அவள் தலைமுடியில் பஞ்சுத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. ஒத்திகை பார்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் வருவேனா என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டு ஏமாற வேண்டாம் என்று இருக்கிறாள் பாவம் என்று மனம் இளகிவிட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய் முன் வரிசையில் உட்கார்ந்து அசத்திவிட வேண்டும். அன்று மாமனாருக்கு ஆபரேஷன் நடந்திருந்ததால் மனைவியும் போனில், "நல்லா இருக்காவ, கண்ணு முழிச்சிட்டாவ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேலதிகாரியிடம் அரை நாள் பர்மிஷன் கேட்டால், அன்றைக்கென்று பார்த்து அவசர இன்ஸ்பெக்ஷன். ஒரு கண் அளவு பார்க்கும் கேஜிலும் ஒரு கண் கடிகாரத்திலுமாக முடித்துவிட்டு ஓடிவந்து ஷேர் ஆட்டோவில் ஏறினேன். அது நகரவில்லை. உள்ளே ஆள் நிரம்பி வழிந்தபிறகும் டிரைவர் இன்னொரு ஆளுக்காகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போலாம்ப்பா, சலோ" என்றேன்.

"கைக்கு பரேஷான் ஹோரே சாப்? தோ மினிட்" என்றான்.

எதற்குப் பதற்றமாம், இரண்டு நிமிடமாம். ஹைதராபாத்தில் அது ஓர் ஆறுதல் வார்த்தை. கடிகாரத்தோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. பக்கத்தில் இருந்த அம்மாவின் மூட்டை என் மடியில், என் பாதி உடம்பு வெளியில். எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. மியாப்பூரில் இறங்கி மெட்ரோ கேட்டுக்கு ஓடி அட்டையை வைத்தேன். திறக்கவில்லை. துடைத்து வைத்தேன், திருப்பி வைத்தேன், கேட்டைத் திட்டினேன். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. செக்யூரிட்டி வந்து என் கையைப் பார்த்துவிட்டு, "சார், இது உங்க கம்பெனி கார்டு" என்றார் தெலுங்கில். பிறகு கொஞ்சம் தயங்கி, "தலையில ஹெல்மெட்டும் இருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் உணர்ந்தேன். தொழிற்சாலையின் மஞ்சள் ஹெல்மெட்டோடுதான் அவ்வளவு தூரமும் வந்திருக்கிறேன். கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. ரயில் ஏறினேன். இரண்டு ஸ்டேஷன் தூரம் நின்றபடியே உள்ளுக்குள் ஓடினேன்.

பள்ளிக்கூட வாசலை அடைந்தபோது மூச்சு இரைத்தது. மைக் சத்தம் இல்லை. மைதானத்தில் பந்தல் இல்லை. கம்பிக் கேட்டுக்குப் பின்னால் வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ப்ரோக்ராம்?" என்றேன்.

"ப்ரோக்ராமா? அதி நின்னனே அயிபோயிந்தி சார்."

தெலுங்கில் 'நின்ன' என்றால் நேற்று. அதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. நேற்றே முடிந்துவிட்டது.

குழப்பம் முழுக்க அந்த 'கல்'லில். இந்தியில் நேற்றுக்கும் அதுதான், நாளைக்கும் அதுதான். வாக்கியத்தின் கடைசியில் வரும் வினைச்சொல்தான் எந்த நாள் என்று காட்டிக்கொடுக்கும். என் மகளோ இந்திச் சொல்லைத் தமிழ் வாக்கியத்தில் போட்டாள். தமிழில் வினை இல்லாமலே பேச்சு ஓடிவிடுமே! எத்தனை மணிக்கு, என்ன வேஷம், லெவன், க்ளௌட்... முந்தின நாள் மாலை எங்கள் இருவர் வாயிலும் ஒரு வினைச்சொல்கூட வரவில்லை. அவள் நடந்ததைச் சொன்னாள். நான் நடக்கப்போவதாகக் கேட்டேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்போது விளையாட்டுப் பீரியட் போலிருக்கிறது. குழாயடிக்கு ஓடிவந்த கூட்டத்தில் மகள் இருந்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பாள் என்று நினைத்தேன். முகம் வெளிறிவிட்டது. வேலை நேரத்தில், தலையில் ஹெல்மெட்டோடு, வேர்த்து விறுவிறுத்து அப்பா வாசலில் நிற்கிறார். கேட்டருகே ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தாவுக்கு என்னாச்சு?"

சுத்தமான தமிழ். பயந்தால் என் மகளுக்குத் தமிழ்தான் வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"தாத்தாவுக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்காவ. நான் உன் ப்ரோக்ராம் பாக்க வந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். வாட்ச்மேனைப் பார்த்தாள். "டாடி! கல் தா நா!"

'தா'. நேற்று நடந்தது என்று சொல்லும் அந்த ஒற்றை எழுத்து வினைச்சொல். கடைசியில் வந்தேவிட்டது.

"தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன்மா. அந்த ஒரு டயலாக்கை இப்பச் சொல்லு, கேக்கறேன்."

வெட்கப்பட்டாள். திரும்பி மிஸ் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டாள். "ஃபார்மர்ஸ் எல்லாம் க்ளௌடைக் கேப்பாங்க, எப்போ வருவேன்னு. நான் சொல்லணும்." தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். யூனிஃபார்ம் பையை இரண்டு முறை தட்டினாள். "ரேப்பு ஒஸ்தானு. தப்பகுண்டா ஒஸ்தானு!"

நாளைக்கு வரேன். கண்டிப்பா வரேன்.

குரல் என்னுடையது. அந்தத் தட்டலும் என்னுடையது.

"உங்கள மாதிரியே சொன்னேன் டாடி. சேம் டு சேம். எல்லாரும் எவ்ளோ சிரிச்சாங்க தெரியுமா!" என்றாள். அவள் கண்ணில் பெருமையைத் தவிர வேறொன்றும் இல்லை. வாட்ச்மேனும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஹெல்மெட்டைக் கழற்றித் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

விசில் கேட்டது. ஓடப்போனவள் திரும்பி, "ஈவ்னிங் சீக்கிரம் வருவீங்களா?" என்றாள்.

என் கை பைக்குப் போயிற்று. பாதியிலேயே இறக்கிவிட்டேன்.

அன்று நான் வேலைக்குத் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்து, இன்றைக்கு நீங்கள் போக வேண்டாம், நானே கூட்டிவருகிறேன் என்றேன். பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கேட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.