கன்னிமார் முன்னால் கேட்ட பூ

எங்கள் ஊர்க் காட்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். காடு என்றால் யானை, புலி திரியும் காடல்ல. கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்கள், அடியில் கொழுக்கட்டைப் புல், நடுவில் கன்னிமார் என்று நாங்கள் கும்பிடும் ஏழு கற்கள். நிலம் ஊர்ப் பெரியவர் ஒருவருக்குச் சொந்தம். காட்டுக்காரர் என்போம். மேய்ச்சல் மட்டும் தலைமுறையாக ஊருக்கு விட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. நான் வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். ஆர்டர் கொட்டியது. சாயப்பட்டறை பாய்லர்கள் விறகு விறகு என்று பறந்தன. வேலைக்குப் போகிற பஸ்ஸுக்கு எதிரே விறகு லாரி வராத நாளில்லை. வேம்பு, புளி, வெள்வேல் எல்லாம் துண்டு துண்டாகப் படுத்திருக்கும். அடுத்தது நம் காடுதான் என்று எனக்குப் பட்டது. நேரே காட்டுக்காரர் வீட்டுக்குப் போய் நின்றேன்.

"வெட்டாம உட்டீங்கன்னா போதுமுங்க. வேலிய நாங்க கட்டறோமுங்க. கொஞ்ச வருசத்துக்கு ஆட்ட உள்ள உடாமப் பாத்துக்கறோமுங்க. மரக்கன்னெல்லாம் தலையெடுத்துருமுங்க."

அவர் சிரித்தார். "காடு என்னுது, காவலு உங்குளுது. போதுமா கண்ணு?"

சொன்னதோடு நிற்கவில்லை. கன்னிமார் முன்னால் கற்பூரம் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியமும் செய்தார். எங்கள் பக்கம் அதற்கு மேல் ஒரு பத்திரம் கிடையாது.

ஞாயிறானால் நானும் ஊரில் சிலரும் காட்டில்தான் கிடப்போம். கிளுவைக் கிளைகளைப் போத்தாக வெட்டி வேலி ஓட்டைகளில் நட்டோம். புல்லை அமுக்கிக்கொண்டு வந்த வேலிகாத்தானை வேரோடு பிடுங்கினோம். எல்லாரையும்விட அதிகம் உழைத்தவன் என் அண்ணன். டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தான். பனியன் துணி ஏற்றிப் போகிற வண்டியில் ஞாயிறன்று முள் ஏற்றினான். அவன் கையெல்லாம் கீறல். எனக்கு அவனைப் பார்க்கப் பெருமையாக இருக்கும்.

ஆடு வைத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "இவளுக்கென்ன, மாசமானா சம்பளம் வருது" என்றார்கள். அவர்கள் வாயை அடைக்க என் ஆடுகளை முதலில் நானே சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றேன். அன்று பட்டியைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

கன்றுகள் தலையெடுத்தன. கௌதாரிச் சத்தம் மறுபடி கேட்டது. இடுப்பளவு நின்ற செடிகள் என் தலைக்கு மேலே போய், பழைய மரங்களோடு சேர்ந்து நிழல் கட்டின. அப்போதுதான் காட்டுக்காரர் ஊரைக் கூட்டினார்.

"எனக்கும் வயசாச்சு. பட்டறைக்காரங்க காட்டக் கேக்கறாங்க. நானா முடிவெடுக்க மாட்டனுங்க. கன்னிமாருகிட்டயே பூக் கேட்டரலாம். வெட்ட வேண்டாமுன்னா உட்டர்றேன்."

பூக் கேட்பது எங்கள் வழக்கம். வெள்ளை அரளியை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை இன்னோர் இலையிலும் ஒரே மாதிரி பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் வைப்பார்கள். ஒருவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி. அது அங்கேயே கிடந்து காயும்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். தன் தலைமேல் இருக்கிற நிழலைக் கன்னிமாரா வெட்டச் சொல்லும்? பொட்டலம் கட்ட இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள் வேண்டும் என்றார்கள். "எங்க அண்ணனே கட்டட்டுமுங்க" என்றேன். காட்டுக்காரர் உடனே தலையாட்டினார். எவ்வளவு நல்ல மனுசன் என்று அந்த நேரத்தில்கூட நினைத்தேன்!

அண்ணன் மறைவாகப் போய்க் கட்டிக்கொண்டு வந்து வைத்தான். "ஆட்ட வித்தவ நீதான அம்முணி, நீயே எடு" என்றார் பூசாரி. எடுத்தேன். பிரித்தால் வெள்ளை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆனால் மறுபேச்சு பேசவில்லை. சாமியே சொன்ன பிறகு என்ன பேசுவது?

மறுநாள் வேலைக்குப் போகுமுன் காட்டைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனேன். லாரி நுழைய வேலியை ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தார்கள். அந்த வழியாக ஊர் ஆடுகளும் வந்துவிட்டன. ஒரு ஆடு கன்னிமார் முன்னால் நின்று, எடுக்காத பொட்டலத்தின் வாழையிலையை மென்றுகொண்டிருந்தது. அரளியைத் தின்றால் செத்துப்போகுமே என்று பதறி ஓடி விரட்டினேன். கீழே சிதறிய பூக்களைப் பொறுக்கினேன்.

அத்தனையும் வெள்ளை.

அண்ணனைக் கேட்காமல் ஊரில் சொல்ல மனம் வராமல், பூவைத் துணியில் முடிந்து வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றே மரங்கள் விழுந்தன; சாயங்காலம் அண்ணனின் டெம்போ என் வீட்டு வாசலில் வந்து நின்றது. வெள்வேலங் கட்டைகளை இறக்கினான். "உனக்குன்னு நல்ல கட்டையா எடுத்தாந்தேன் அம்முணி, அடுப்புக்கு ஆகும்" என்றான். உள்ளே போய், முடிந்து வைத்திருந்த பூவைக் கொண்டுவந்து அவன் முன்னால் பிரித்தேன். வாடிப் பழுத்திருந்தாலும் வெள்ளை வெள்ளைதான்.

துண்டால் முகத்தைத் துடைத்தான். "வண்டி சும்மா நிக்குதில்ல. பாய்லருக்குப் போற லோடு பூரா உனக்கேன்னு காட்டுக்காரரு சொன்னாரு."

"அதுக்கு ரெண்டுலயும் வெள்ளைய வெப்பியா? என்னய உட்டு எடுக்க வெப்பியா?"

"எத எடுத்தாலும் உங்கையில நல்ல பூவா வரட்டும்னுதான்" என்றான். கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னான்.

ஊரில் போய்ச் சொன்னேன். "கட்டுனது உங்க அண்ணன், எடுத்தது நீ. எங்களக் கேட்டா?" என்று அவரவர் ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அந்தக் கட்டைகளை நான் எரிக்கவில்லை, திருப்பியும் கொடுக்கவில்லை. சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறேன். அண்ணன் வந்தால் காப்பி கொடுப்பேன். நாற்காலி மட்டும் போடுவதில்லை. அந்தக் கட்டைகளின் மேல்தான் அவன் உட்கார வேண்டும்.