மேல் கட்டிலுக்கு ஏற ஏலாத பாஸ்

கூட்டத்தில் ஐந்து பேர் இருந்தோம். எங்கள் லண்டன் ஆலோசனை நிறுவனத்தின் தலைவி, அவருடைய பொருளியலாளர், வளைகுடா நாடொன்றிலிருந்து வந்திருந்த அமைச்சு அதிகாரி, சென்னையிலிருந்து வந்து லண்டனில் புள்ளியியல் படித்த, நான் அக்கா என்று கூப்பிடுகிற சக ஊழியர், கடைசி நாற்காலியில் நான். இல்லாதவர்கள், அந்த நாட்டில் சுவர் கட்டுகிறவர்களும் குழாய் பூட்டுகிறவர்களும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் தொழிற்கல்விக் கொள்கை எழுதிக்கொண்டிருந்தோம். அவர்களுடைய குரல்கள் மட்டும் ஒலிநாடாக்களாக ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் வந்திருந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒரு நாட்டின் கொள்கையில் என் வசனமும் ஒன்றிரண்டு வரப்போகிறது என்ற நினைப்பே போதும், காலையில் ஆர்ச்வேயில் ரயில் நிலையப் படிகளை ஓடித்தான் இறங்குவேன்.

அந்த நாட்டில் பணம் இருந்தது, ஆள் இல்லை. சொந்தக் குடிமக்களைவிட வேலைக்கு வந்தவர்கள்தான் அதிகம். அதிகாரி தன் சிக்கலை ஒளிக்காமல் சொன்னார்.

“வெளியாளுக்குத் தொழில் பழக்கினால் தன் ஊருக்குப் போய்விடுவான். எங்கள் பையனுக்குப் பழக்கினால் மேசையும் குளிரூட்டியும் கேட்பான். நான் யாருக்குச் செலவழிக்க?”

எங்கள் அறிக்கையில் அதற்குப் பதில் தயாராக இருந்தது. உங்களுக்கு வேலை பழக்கியது யார் என்று கேட்டபோது, இலங்கைத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் ‘பாஸ்’ என்றிருந்தார்கள். ஆகவே முதலாளிகளே பயிற்சி கொடுக்கிறார்கள், அரசின் பயிற்சிப் பணத்தைக் கம்பனிகளிடமே கொடுத்துவிடலாம் என்று முடித்திருந்தோம். அதிகாரி மறுநாள் அதைக் கையோடு கொண்டுபோவதாக ஏற்பாடு. பின்னேரம் அவருக்குப் போட்டுக்காட்ட நல்ல குரலாக ஒன்றிரண்டு தெரிந்தெடுப்பது என் வேலை.

போட்டோகொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாவது நாடாவில் ஒருவர் நிதானமாகப் பேசினார்.

“பாஸ்தான் எனக்கு வேலை பழக்கினவர். முகாமில இருக்கிறது அடுக்குக் கட்டில். அவருக்கு முழங்கால் வருத்தம், மேல் கட்டிலுக்கு ஏற ஏலாது. அதால நான் மேல, அவர் கீழ.”

நிறுத்தினேன். திருப்பிச் சுற்றிக் கேட்டேன். அப்பா ‘எங்கட பாஸ்’ என்று சொல்வது நினைவுக்கு வந்தது. அவர் கொழும்பில் ஒரு மேசன் பாஸுக்குக் கையாளாக நின்றவர். இலங்கையில் சுவர் கட்டும் கைதேர்ந்த மேசனும் தச்சனும் பாஸ். காசு போடுகிறவர் முதலாளி. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அப்படித்தான் சொல்வார்கள். நாடாக்கருவியைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். தமிழ் நாடாக்களைக் கேட்டு அட்டவணை போட்டவர் அவர்தான்.

“அக்கா, இதில பாஸ் எண்டது ஆர்?”

“யாரா? முதலாளிதான். நம்ம தலைவிய நாம எப்படிச் சொல்றோம்? பாஸ்னுதானே?”

“எந்த முதலாளியக்கா தொழிலாளிக்குக் கீழ்க் கட்டில்ல படுப்பான்?”

ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். தானே ஒருமுறை திருப்பிச் சுற்றினார்.

“அடக் கடவுளே. மேஸ்திரியா?”

“ஓம். எங்கட அப்பா ஒரு பாஸுக்குச் சாந்து குழைச்சவர்.”

“எல்லாம் ஒரே தமிழ்தானேன்னு இந்த வேலைய என்கிட்ட குடுத்தாங்க பாருங்க, அவங்களச் சொல்லணும்.” சிரித்துக்கொண்டே எழுந்தார். “சிங்கள நாடாவக் கேட்டவரும் ‘பாஸ்’னே எழுதிக் குடுத்தார், நான்தான் அதையும் முதலாளின்னு போட்டேன். வாங்க தம்பி, நானே சொல்றேன். என் அட்டவணைய நானே கிழிச்சாதான் அழகு.”

பின்னேரக் கூட்டத்தில் அந்தக் குரலைப் போட்டோம். அக்கா ஆங்கிலத்தில் விளக்கினார். இது ஒரே ஒரு குரல்தானே என்றார் பொருளியலாளர். தலைவி பேனையை மூடி வைத்தார். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகவே பேசினேன்.

“ஐயா, உங்களுக்கு வேண்டிய ஆசிரியர்கள் உங்கள் நாட்டிலேயே, தொழிலாளர் முகாமில் இருக்கிறார்கள். பணம் கம்பனிக்குப் போனால் அவர்களுக்கு ஒரு சதமும் போகாது. அவர்களைச் சோதித்துப் பாருங்கள். தேறினவருக்குப் பயிற்றுநர் சான்றிதழும் சம்பளமும் கொடுங்கள்.”

“சான்றிதழ் கொடுத்தால் அடுத்த கம்பனிக்கு ஓடுவான்” என்றார் அதிகாரி.

“கூடுதல் சம்பளம் கொடுத்தால் எதற்கு ஓடப் போகிறான்?”

பொருளியலாளர் இருமினார். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலைவியிடம் திரும்பினார். “இவனுக்கு நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?”

“குறைவுதான்” என்றார் தலைவி.

“அப்படியா? இன்னும் ஓடவில்லையே.” அவரே முதலில் சிரித்தார். பிறகு முகம் மாறியது. “இது உண்மை என்றால் எழுதுங்கள், வாசிக்கிறேன். ஆனால் உங்கள் ஒரு சொல்லுக்கு என் அமைச்சு காசு கட்டாது. திரும்பக் கேளுங்கள், திரும்ப விசாரியுங்கள். செலவு உங்களுடையது.”

அறிக்கை இல்லாமலே அவர் விமானம் ஏறினார். இலங்கை நாடாக்கள் முழுவதையும் அக்காவும் நானும் சிங்களம் தெரிந்த ஒருவரும் மறுபடி கேட்டோம். விசாரிக்க எங்கள் ஆட்கள் திரும்பவும் முகாம்களுக்குப் போனார்கள். பாஸ் என்று சொன்னவர்களில் முதலாளியைச் சொன்னவர் மிகச் சிலரே. கடைசியில் முழு நாட்டுக்குமில்லை, மேசன் வேலைக்கு மட்டும் ஒரு பரீட்சார்த்தத் திட்டம் வந்தது. பாஸ்மாரைச் சோதித்துப் பயிற்றுநராக எடுப்பது, சம்பளம் அரசினுடையது. அந்தப் பந்தியை நான் எழுதினேன். பொருளியலாளர் அதில் ஒரு காற்புள்ளியை மட்டும் மாற்றினார்.

நாடா கேட்ட கூலி, விமானச் சீட்டு, புதிதாக அச்சடித்த செலவு எல்லாம் சேர்த்து அந்த ஒரு சொல்லுக்காக நிறுவனத்தின் கையிலிருந்து போனது எண்ணாயிரத்து எழுநூறு பவுண்.