மூன்று பத்துக்கு வந்த பழுது

"மணி 3.10. ஆறாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்தது, கூண்டு இல்லை. உள்ளே கால் வைத்தேன்."

காலை ஐந்தரைக்குச் சமையலறை மேசை முன் உட்கார்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் இதை எழுதுகிறார். பல் தேய்த்தாகிவிட்டது, தேநீர் இன்னும் குடிக்கவில்லை. குடித்தால் பாதி மறந்துபோகுமாம். எழுதுவது லிஃப்ட் கம்பெனியின் பழுதுத் தாளில். மணி, மாடி, என்ன நடந்தது, அதற்கு முன் என்ன செய்தார்கள் என்று நான்கு கட்டங்கள். பத்தொன்பது வருடமாக ஊரார் லிஃப்டுகளுக்கு நிரப்பிய தாளை இப்போது தன் கனவுகளுக்கு நிரப்புகிறார்.

நான்காவது கட்டம்தான் முக்கியம் என்பது அவர் கட்சி. "ஒண்ணுமே பண்ணலைங்க, தானா நின்னுடுச்சு" என்று குடியிருப்பவர்கள் சொன்னால், "தானா நிக்கிறதுக்கு அது என்ன மாடா?" என்பார். பிறகு கதவுத் தடத்திலிருந்து ஐஸ் குச்சியை உருவி எடுத்து அவர்கள் கையிலேயே கொடுப்பார். தன்னுடைய நான்காவது கட்டத்திலும் ஒளிப்பதில்லை. "எட்டு மணிக்குச் சாப்பாடு. ஒன்பதரைக்கு மாத்திரை. வீட்டில் சண்டை இல்லை."

குள்ளமானவர். எந்த லிஃப்டில் ஏறினாலும் பக்கச் சுவரில் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். நின்றபடி தூங்குகிறார் என்று மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். இறங்கும்போது, "ரோலர் சக்கரம் தேஞ்சிருக்கு, சொல்லிடுங்க" என்பார்.

போன வருடம் நான்கு மாதம் வேலைக்குப் போகவில்லை. காலையில் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்காருவார். மதியமும் அதே சட்டை அதே கையில் இருக்கும். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரைதான் அந்தச் சட்டையைப் போடவைத்தது. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் அளவைக் கூட்டினார்கள். கூட்டிய ஒன்பதாம் நாள் கனவு ஆரம்பித்தது.

முதலில் செய்தது அவர் தொழில்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. சிக்கிய லிஃப்டுக்கு முதல் வைத்தியம் மெயினை அணைத்து, முப்பது எண்ணி, திரும்பப் போடுவது. அவர் மாத்திரையை நான்கு நாள் நிறுத்தினார். தலைக்குள் ஷாக் அடித்ததுபோல் இருந்தது.  ஒரு கனவு வந்த இடத்தில் மூன்று வந்தன. பிரிக்காத மாத்திரை அட்டையை மனைவி கண்டுபிடித்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

"ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்க்கலாம்னு..."

"நீங்க என்ன லிஃப்டா?"

அன்றே மருத்துவரிடம் போனில் கேட்டு மீண்டும் தொடங்கினார். பழுதுத் தாள் மேசைக்கு வந்தது அதற்கு மறுநாள்.

கனவோடு நின்றிருந்தால் தாளே போதுமாக இருந்திருக்கும். அவரோடு வேலை பார்ப்பவர் மச்சான், மனைவியின் அண்ணன். ஒரு மதியம் திறந்த கதவின் விளிம்பில் குனிந்து மச்சான் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். கீழே ஐந்து மாடி ஆழம். 'தள்ளு' என்று ஒரு நினைப்பு வந்தது. கோபமில்லை, பகையில்லை. சும்மா வந்தது. இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டினார்.

அன்றிலிருந்து அது தினமும் வந்தது. மச்சானுக்குக் கருவிகளைக் கயிற்றில் கட்டித்தான் இறக்கினார். "என்ன மாப்ள, ஆய்வுக்கு வந்த ஆபீசர் மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று மச்சான் கேட்டார். "முதுகுவலி" என்றார் இவர். இந்த ஒன்று மட்டும் தாளில் ஏறவில்லை.

"வேலையை விட்டுடறேன்" என்று மனைவியிடம் சொன்னார்.

"விட்டுட்டு? மறுபடியும் சட்டையைக் கையில வச்சுக்கிட்டு உக்காரவா?"

மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள் காலையில், பதினாறு நாளாக எழுதாமல் விட்ட அந்த நினைப்பை ஒரே மூச்சில் எழுதினார். எழுத்து கோணலாக இருந்தது. டாக்டரம்மா ஒவ்வொரு தாளாகப் படித்தார். கடைசித் தாளில் நிறுத்தினார்.

"நினைப்பு வருதுன்னு எழுதியிருக்கீங்க. செய்யணும்னு தோணுதா?"

"ஐயோ, இல்லைங்க. வந்த உடனே கையைப் பின்னால கட்டிக்கிறேன்."

"அது நல்ல அடையாளம். அளவைக் கூட்டினதுல வந்திருக்கலாம். பழையபடி குறைச்சிடுவோம். ராத்திரி போடறதைக் காலைக்கும் மாத்தலாம்."

"ஒரு நேரத்துல ஒரு பார்ட்தான் மாத்தணும் டாக்டர். இல்லைன்னா எதனால சரியாச்சுன்னு தெரியாது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சரி, முதல்ல அளவு. செய்யணும்னு தோணினா அந்த நிமிஷமே எனக்கு போன் பண்ணணும். உங்க மச்சானுக்கும் இது தெரியணும். சொல்லாம அங்க நிக்கக் கூடாது."

அன்று மதியமே, மொட்டைமாடி மோட்டார் அறையில், மச்சான் பிஸ்கட் பிரித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

"மச்சான், நீங்க கதவுகிட்ட குனியறப்ப உங்களைத் தள்ளிவிடற மாதிரி ஒரு நினைப்பு வருது. மாத்திரையாலதான்னு டாக்டர் சொல்றாங்க."

மச்சான் வாயில் இருந்ததை விழுங்கினார். "எத்தனை நாளா?"

"பதினாறு."

"பதினாறு நாளும் தள்ளலையே."

"இல்லை."

"என் தங்கச்சியைக் கட்டினதிலேர்ந்து எனக்கு உங்களைத் தள்ளணும்னு தோணுது. நான் மாத்திரைகூடப் போடறதில்ல."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மச்சான் அரையடி நகர்ந்து உட்கார்ந்தார். அதை இவர் பார்த்தார். பிஸ்கட் தீர்ந்ததும் மச்சான் மூலையில் தூசி படிந்து கிடந்த இடுப்பு பெல்ட்டை எடுத்து உதறினார். "இதை மாட்டிக்கிட்டுத்தான் குனியணும்னு கம்பெனி சட்டமே இருக்கு. நமக்குத்தான் சோம்பேறித்தனம்."

மறுநாள் தாளில் 2.40 என்று இருந்தது. குறைத்த அளவில் போட்டும் கனவு வந்திருந்தது. எழுதிவிட்டுத் தேநீர் குடித்தார். எட்டரைக்கு ஓர் அலுவலகக் கட்டடம். மச்சான் பெல்ட்டைக் கம்பியில் மாட்டிக்கொண்டு கூண்டின் கூரைமேல் இறங்கி நின்று ரோலர் மாற்றினார். இவர் நான்காம் மாடியில், திறந்த கதவருகே. பத்தே முக்காலுக்கு, "மச்சான், அந்த நினைப்பு வந்திருக்கு" என்றார்.

"இருக்கட்டும். பதிமூணாம் நம்பர் ஸ்பானரைக் கொடுங்க."

கயிற்றைத் தேடவில்லை. கையிலேயே கொடுத்தார். பதினொன்றேகாலுக்கு வேலை முடிந்தது. மச்சான் மேலே ஏறக் கையை நீட்டினார். இவர் குனிந்து இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து இழுத்தார். மச்சானின் இரண்டு பாதங்களும் தரையில் ஊன்றிய பிறகே விட்டார்.